பத்தாவது முட்டை

வியாழக்கிழமை, காலை 6.40.

கூடு காலியாக இருந்தது.

கென்ஸா முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். இரண்டு கைகளாலும் நாணலை விலக்கிப் பிடித்தபடி, கண்ணை நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தாள். முந்தின நாள் காலையில் இதே குழிவில் ஒன்பது முட்டைகள் கிடந்தன. வெண்ணெய் நிறம். கோழி முட்டையைவிடக் கொஞ்சம் சிறியவை.

லராஷ் வட்டாரத்துக்கு அவள் வனத்துறை அதிகாரியாக வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வந்த வருடம் அய்ன் லஹ்ஜல் ஏரியில் ஒரு பளிங்கு வாத்துக் கூட்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இந்த வசந்தத்தில்தான் இன்னொன்று. ஒரு வாரமாகத் தினமும் விடிந்ததும் வந்து, இறகை மெல்ல விலக்கி எண்ணி, மூடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் அந்தக் கணக்கு இருந்தது. திங்கள் 7. செவ்வாய் 8. புதன் 9.

இன்றைக்கு எதுவும் எழுதாமல் மூடி வைத்தாள்.

பிறகு அவளுக்குள் இருந்த துப்பறிகிறவள் வேலையைத் தொடங்கினாள். ஓட்டுச் சில்லு இல்லை. மஞ்சள் கரு சிந்தியிருக்கவில்லை. கீரியாக இருந்தால் உடைத்துத் தின்றிருக்கும். பாம்பு விழுங்கியிருக்கலாம், ஆனால் தாய் வாத்து தன் மார்பிலிருந்து பிய்த்துப் போட்ட மெல்லிறகுகள் காலிக் கூட்டின் மேல் சீராகப் பரப்பி மூடப்பட்டிருந்தன. பாம்புக்கு அந்தப் பண்பாடு கிடையாது.

சேற்றில் ரப்பர் பூட்ஸ் தடம். இந்த ஏரிக்கரையில் அதைப் போடாத ஆள் இல்லை. ஒரு நாணல் முறிவில் பழுப்பு நிறக் கம்பளி நூல் ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்து உறைக்குள் போட்டாள்.

படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தபோது திரையில் நேற்று மாலையின் தவறிய அழைப்புகள் இரண்டு இருந்தன. தெரியாத எண். நேற்று மாலை நகரத்தில் மூன்று மணி நேரக் கூட்டம். பேசியை ஊமையாக்கி வைத்திருந்தாள். அழைப்புகளைத் தள்ளிவிட்டுக் காலிக் கூட்டைப் படம் எடுத்தாள்.

காலை 8.10.

ஏரிக்கும் சாலைக்கும் நடுவே ஹாஜ் தய்யிபின் ஸ்ட்ராபெரிப் பண்ணை. வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கரையோர நாணலை வெட்டி நிலத்தைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு அனுமதி இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தில் கூடு இருந்தால் வேலை நிற்கும்.

நாணல் வெட்டும் டிராக்டர் தூரத்தில், ஏரியின் அடுத்த முனையில், உறுமிக்கொண்டிருந்தது.

"கூட்டுல முட்டை இல்ல, ஹாஜி," என்றாள் கென்ஸா.

"அல்லாஹ்வே! அப்ப நான் வெட்டலாமா?"

"நேத்து வெட்டச் சொன்னீங்களா?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மிலூத்கிட்ட சொன்னேன், விடிஞ்சதும் ஆரம்பின்னு. கூடு இருக்குன்னு எனக்கு யார் சொன்னா? நீங்க பலகைதான் வச்சீங்க. அதுல உங்க நம்பர் இருக்கு, முட்டையைத் தொட்டா ஜெயில்னு இருக்கு. கூடு எங்க இருக்குன்னு இல்லையே."

"எங்க இருக்குன்னு எழுதி வச்சா திருடனுக்கு வழி சொன்ன மாதிரி ஆகாதா?"

"இப்ப மட்டும் என்ன ஆச்சாம்?" ஹாஜ் தாடியைத் தடவிக்கொண்டார். பெண்களை மரியாதையாக அழைக்க இந்த ஊரில் 'லல்லா' என்பார்கள். "என்னை அப்படிப் பாக்காதீங்க லல்லா. ஒன்பது முட்டையை முழுங்கிட்டுப் படுத்துக் கிடக்க நான் என்ன பாம்பா?"

டிராக்டர் வந்து நின்றது. மிலூத் இறங்கினான். நாற்பது வயது. வாய் திறக்கவே கூலி கேட்பவன் என்று பண்ணைப் பெண்கள் கேலி செய்வார்கள். வெறுந்தலையோடு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். கறுத்த முகத்தில் புருவத்துக்கு மேலே நெற்றி மட்டும் வெளுப்பாக இருந்தது.

"கூட்டுப் பக்கம் போனீங்களா, மிலூத்?"

"இன்னிக்கு இந்தப் பக்கம் வரல லல்லா. அந்த முனையிலதான் வெட்டுறேன்."

"யாரையாவது பாத்தீங்களா?"

அவன் தலையசைத்தான், இல்லை என்று.

கென்ஸாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. அங்கே நின்ற பத்துப் பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எடுத்தவன் யாரா இருந்தாலும் விடமாட்டேன். காரணம் கீரணம் எதுவும் கேக்கமாட்டேன். நேரா கோர்ட்டுதான்."

அந்த வாக்கியத்தை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்.

காலை 10.30.

வியாழன் சந்தையின் கடைசி வரிசையில் லார்பியின் பறவைக் கூண்டுகள். பாடும் சிட்டுகள், புறாக்கள், ஒரு கிழட்டுக் காடை. இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டு முட்டைச் சேகரிப்பாளன் ஒருவனுக்குக் கழுகு முட்டை விற்றுப் பிடிபட்டவன் லார்பி.

"வந்துட்டீங்களா! ஏரியில எது காணாமப் போனாலும் என் கடைக்கு வர்றதுக்கு நான் என்ன போலீஸ் ஸ்டேஷனா?"

"ஒன்பது முட்டை, லார்பி. வாத்து முட்டை."

அவன் உச்சுக் கொட்டினான். "சேகரிக்கிறவன் வேலை இல்ல அது. அவனுக்கு ஓடுதான் வேணும். எடுத்த இடத்துலயே ஊசியில குத்தி ஊதிக் காலி பண்ணிருவான். உள்ள இருக்கறது அழுகினா ஓடு கெட்டுப்போகும்ல? அங்க கரு சிந்திக் கெடந்துச்சா?"

"இல்ல."

"அப்ப உள்ள இருக்கறது வேணும்னுதான் எடுத்திருக்காங்க. ஒண்ணு, ஆம்லெட். இல்லாட்டி குஞ்சு." பக்கத்துக் காலி இடத்தைக் காட்டினான். "குஞ்சுன்னா துரியாவைத்தான் கேக்கணும். ஆனா அவளே இன்னிக்கு வரல. சனிக்கிழமை குஞ்சு பொரியற வாரம்னா ஒன்பது மணிக்கெல்லாம் வந்து யாருக்கு எத்தனைன்னு பேர் எழுதிட்டிருப்பா. பொம்பளைங்க நாலு பேர் தேடிட்டுப் போனாங்க."

மதியம் 1.00.

துரியா மிலூத்தின் மனைவி. பண்ணைக் கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டு, மூன்று வருடமாக வீட்டில் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறாள். பழைய குளிர்பெட்டி ஒன்றின் உள்ளே பல்பு, மின்விசிறி, தண்ணீர்க் கிண்ணம், மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் வைத்து அவளே செய்த இன்குபேட்டர் சமையலறை மூலையில் நின்றது. மேல்தட்டுக்கு நேராகக் கதவில் ஒரு கண்ணாடி. கீழ்ப் பாதியில் கெட்டித் துணி தொங்கியது.

"பாத்துக்கோங்க லல்லா. எல்லாம் நாட்டுக்கோழி முட்டை."

கென்ஸா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாற்பது முட்டைகள், பென்சிலில் தேதி எழுதப்பட்டு, வரிசையாக இருந்தன. மோட்டார் முனகியது. தட்டு மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

"எப்பப் பொரியும்?"

"சனிக்கிழமை, இன்ஷா அல்லாஹ்."

"சந்தைக்கு ஏன் வரல?"

"தலைவலி."

சமையலறை ஜன்னல் மூடியிருந்தது. மே மாத வெயிலில் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துரியா தேநீர் ஊற்றினாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். இந்த ஊரில் அது சாதாரண மறதி இல்லை.

"காட்டு முட்டையை வீட்டுல வச்சுப் பொரிச்சா அவ்வளவு பெரிய குத்தமா லல்லா?" என்று கேட்டாள். "சும்மா கேக்கறேன்."

"எடுக்கறது குத்தம், வச்சிருக்கறது குத்தம், பொரிக்கறதும் குத்தம். நல்லதுக்குத்தான்னு சொன்னாலும் சட்டத்துல அதுக்கு இடம் இல்ல. பொரிச்சுட்டா மட்டும் என்ன? குஞ்சு யாரை முதல்ல பாக்குதோ அவங்களைத்தான் தாய்னு நினைக்கும். அப்புறம் ஏரி எதுக்கு அதுக்கு?"



வெள்ளிக்கிழமை, காலை 10.15.

கென்ஸா தன் அலுவலகத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். பார்த்தது, கேட்டது, நேரம். 'மதியம் 1.00. துரியா வீடு. இன்குபேட்டரில் 40 கோழி முட்டைகள். சனிக்கிழமை பொரியும். தட்டு சாய்ந்தது.'

பேனா நின்றது.

கடைசி வார்த்தையைத் திரும்பப் படித்தாள். தட்டு சாய்ந்தது.

எழுந்து காரை எடுத்தாள்.

மதியம் 2.00.

தொழுகை முடிந்து, மிலூத் வீட்டில் கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸ் தட்டு நடுவில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வந்தவளை உட்காரச் சொல்லாமல் இருக்க முடியாது. மிலூத் நகர்ந்து இடம் விட்டான். கென்ஸா உட்காரவில்லை.

"முட்டை இங்கதான் இருக்கு, துரியா."

"நேத்தே பாத்தீங்களே லல்லா."

"பாத்தேன். சரியாப் பாக்கல. நாளைக்குப் பொரியப்போற கோழி முட்டையை நேத்து எதுக்கு ஆட்டிட்டிருந்த?"

துரியாவின் கை தட்டின் விளிம்பில் அப்படியே நின்றது.

"பொரியறதுக்கு மூணு நாள் முன்னாடியே ஆட்டறதை நிறுத்தணும். உள்ள குஞ்சு தலையைத் திருப்பி ஓட்டைக் கொத்த இடம் பிடிச்சிருக்கும். அப்ப ஆட்டினா திக்கு தெரியாமச் செத்துப்போகும். மூணு வருஷமா பொரிக்கறவ நீ. உனக்கு நான் சொல்லணுமா? ரெண்டு தட்டுக்கும் ஒரே மோட்டார். மேல நிறுத்தினா கீழயும் நிக்கும். கீழ இருக்கறது இப்பத்தான் வச்ச முட்டை. அதை ஆட்டியே ஆகணும், இல்லாட்டி கரு ஓட்டுல ஒட்டிக்கும். அதனாலதான் நீ சந்தைக்கு வரல. யாருக்கும் குஞ்சு குடுக்க முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

 மூலையில் மோட்டார் முனகி ஓய்ந்தது.

"மிலூத், உங்க தொப்பி எங்க? நெத்தியில வெயில் படாத கோடு அப்படியே இருக்கு. வருஷம் பூரா கழட்டாத பழுப்புக் கம்பளித் தொப்பி. அதுல ஒரு நூல் எங்கிட்ட இருக்கு."

மிலூத் எழுந்தான். இன்குபேட்டரின் கீழ்த் துணியை விலக்கினான். தட்டில் அவனுடைய தொப்பி விரித்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் ஒன்பது முட்டைகளும் பத்திரமாக இருந்தன.

"நான்தான் எடுத்தேன்," என்றான். "அவமேல எதுவும் இல்ல."

"ஏன்?"

வாய் திறக்காதவன் அன்று பேசினான். "ஹாஜி விடிஞ்சதும் வெட்டச் சொன்னாரு. பிளேடுல சிக்கற குச்சி கிச்சி இருக்கான்னு பாக்க நாணலுக்குள்ள இறங்கினேன். கூடு இருந்துச்சு. வாத்து இல்ல. அரை மணி நேரம் நின்னேன் லல்லா, வரவே இல்ல. முட்டையைத் தொட்டா ஐஸ் மாதிரி சில்லுனு இருந்துச்சு. தாய் செத்துருச்சு, இல்ல விட்டுட்டுப் போயிருச்சுன்னு நினைச்சேன். காலையில நான் வெட்டலேன்னாலும் வேற எவனாவது வெட்டுவான்."

"அங்க பலகை இருக்கு. அதுல என் நம்பர் இருக்கு. ஒரு போன் பண்ணியிருந்தா அஞ்சு நிமிஷத்துல வேலையை நிறுத்தியிருப்பேனே!"

"பண்ணேனே லல்லா," என்றான் மிலூத். "ரெண்டு தடவை."

கென்ஸா கைப்பேசியை எடுத்தாள். புதன், மாலை 6.10. புதன், மாலை 6.14. அந்த எண்ணை அழுத்தினாள். மிலூத்தின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது. அவன் அதை எடுக்கவில்லை. அவளும் கொஞ்ச நேரம் நிறுத்தவில்லை.

"அப்புறம் என்கிட்ட ஏன் சொல்லல? நேத்து காலையிலயே ஏன் சொல்லல?"

துரியாதான் பதில் சொன்னாள். "காரணம் கேக்கமாட்டேன்னு நீங்க சொன்னீங்களாம்."

கென்ஸா இப்போது உட்கார்ந்தாள்.

"முட்டை சில்லுனு இருந்ததுக்குத் தாய் செத்தது காரணம் இல்ல," என்றாள் மெதுவாக. "வாத்து தினம் ஒண்ணா இடும். எல்லாம் இட்டு முடிக்கற வரைக்கும் அடை உக்காராது. வந்து ஒண்ணு இட்டுட்டு, இறகைப் போட்டு மூடிட்டு மேயப் போயிரும். அதுவரைக்கும் முட்டை சில்லுனுதான் இருக்கும். கெட்டுப்போகாது. கடைசி முட்டை இட்டப்புறம் உக்காந்தா எல்லாம் ஒரே நாள்ல பொரியும். திங்கள்கிழமை ஏழு, செவ்வாய் எட்டு, புதன் ஒன்பது. அது இன்னும் இட்டு முடிக்கல."

துரியா தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோழி முட்டையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. நாட்டுக்கோழியும் அப்படித்தான் செய்கிறது. அந்த மாலையின் பதற்றத்தில், காட்டு வாத்தும் ஒரு பறவைதான் என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

பிற்பகல் 3.30.

மூவரும் ஏரிக்குப் போனார்கள். கென்ஸா நாணலை விலக்கி, இறகுப் போர்வையை விரலால் தூக்கினாள்.

உள்ளே ஒரு முட்டை இருந்தது. பத்தாவது.

முந்தின நாள் அவள் போன பிறகு தாய் தாமதமாக வந்திருக்கிறது. காலியான கூட்டில் தன் அடுத்த முட்டையை இட்டு, மூடிவிட்டுப் போயிருக்கிறது. இன்றைக்கு இடவில்லை. இருபது அடி தள்ளி, வெளிச்சமும் நிழலும் கலந்த தண்ணீரில் சாம்பல் புள்ளிகளோடு அது மிதந்துகொண்டிருந்தது. போகவும் இல்லை, வரவும் இல்லை.

"இப்பவே வச்சிடலாம் லல்லா," என்றாள் துரியா. "வெறும் ரெண்டு நாள்தான் ஆச்சு. தொப்பியோட கொண்டாந்து அப்படியே வச்சிடறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னா போதும்."

கென்ஸா மேலதிகாரியை அழைத்தாள். கைப்பற்றிய முட்டைகள் சாட்சிப் பொருள் என்று பதில் வந்தது. எழுத்தில் உத்தரவு வராமல் இடம் மாற்றக் கூடாது. இன்று வெள்ளி. உத்தரவு திங்கள்கிழமை வரும்.

அவள் ஏரியைப் பார்த்தாள். துரியாவைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக இந்தச் சட்டத்தைத்தான் அவள் ஊருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

"முடியாதும்மா," என்றாள்.

வேறு இன்குபேட்டர் அந்த வட்டாரத்தில் இல்லை. எனவே முட்டைகள் துரியாவின் பெட்டியிலேயே முத்திரை வைக்கப்பட்டு இருந்தன. குற்றவாளியும் அவளே, காவலும் அவளே. ஹாஜ் தய்யிபின் டிராக்டரைக் கென்ஸா அன்றே நிறுத்தினாள். அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது.

சனிக்கிழமை கோழி முட்டைகள் பொரிந்தன. நாற்பதில் பதினொன்று. அவற்றிலும் நாலு காலூன்றி நிற்கவில்லை. மீதி இருபத்தொன்பதும் ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தன. துரியா அவற்றைக் கொல்லையில் ஒரே குழியில் புதைத்தாள். பேர் எழுத வந்த பெண்களிடம் இந்த முறை கூமுட்டை என்று சொன்னாள்.

திங்கள்கிழமை பதினோரு மணிக்கு உத்தரவு வந்தது. கென்ஸா ஓடினாள். கூட்டில் பத்தாவது முட்டை தனியாகக் கிடந்தது. மேலே இறகு மூடப்படவில்லை. ஏரியில் வாத்து இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஒற்றை முட்டைக்காக எந்த வாத்தும் அடை உட்காராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் ஒரு வாரம் போய்ப் பார்த்தாள்.

ஜூன் மாதத்தில், துரியாவின் பெட்டியில், ஒன்பதில் ஆறு பொரிந்தன. கண்ணாடியில் காகிதம் ஒட்டி, கையில் சாம்பல் துணி சுற்றி, பேசாமல் வேலை செய்யும்படி கென்ஸா சொல்லியிருந்தாள். துரியா அப்படியே செய்தாள். ஆனால் மூன்றாவது குஞ்சு ஓட்டில் ஒட்டிக்கொண்டு கத்தியது. முகத்தை உள்ளே நுழைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் தொட்டு அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. குஞ்சுகள் அவளைப் பார்த்துவிட்டன.

நீதிமன்றத்தில் மிலூத் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். கென்ஸாவின் அறிக்கையில் புதன்கிழமை மாலை 6.10, 6.14 என்ற வரிகளும் இருந்தன.

"இதை நீங்கள் எழுத வேண்டிய அவசியம் இல்லையே?" என்றார் நீதிபதி.

"இதுவும் நடந்ததுதான், ஐயா."

குற்றம் உறுதியானது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. கென்ஸாவின் பெயரில் யாரும் வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செப்டம்பர் கடைசியில் ஆறு வாத்துகளையும் ஏரியில் விட்டார்கள். அவை நன்றாக நீந்தின. நன்றாக மேய்ந்தன. மிலூத் சிரித்ததை அன்று கென்ஸா முதல் தடவையாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஸ்ட்ராபெரி நாற்று நட, தலையில் துணியும் அதன்மேல் ஓலைத் தொப்பியுமாகப் பெண்கள் சாலையோரம் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். குஞ்சு வியாபாரம் படுத்துவிட்டதால் துரியாவும் மறுபடி கூலிக்கு இறங்கியிருந்தாள். ஏரியிலிருந்து ஆறும் கரையேறி, சாலைக்கு வந்து, முதலில் வரிசையின் கடைசிப் பெண்ணின் பின்னால், பிறகு அடுத்தவளின் பின்னால், ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தன. ஒரு லாரி ஒலி எழுப்பி ஒதுங்கிப் போனது.

"யாரும் திரும்பிப் பாக்காதீங்க!" என்று கரையிலிருந்து கத்தினாள் கென்ஸா.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரியா குரல் கொடுக்கவில்லை. திரும்பவில்லை. சத்தம் கேட்காதபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பண்ணையை நோக்கி வேகமாக நடக்கத் தொடங்கினாள். ஆறு வாத்துகளும் அவளைக் கண்டுகொண்டு, சிறகை விரித்துக்கொண்டு ஓடின.